பழைய டார்கெட் ரிவால்வர் சுடாமல் போனால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், டபுள் ஆக்‌ஷன் வகைப் பழைய டார்கெட் ரிவால்வர்களுக்கான பக்கம் இது. ஸ்மித் அண்ட் வெஸன் கே-22, கே-38, கோல்ட் ஆபீசர்ஸ் மாடல் போன்றவை. ட்ரிகரை இழுத்தாலே ஹேமர் (அடிக்கும் சுத்தியல்) பின்னே போய் விழுவது டபுள் ஆக்‌ஷன்; கட்டைவிரலால் ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்தி (காக் செய்து), பிறகு ட்ரிகரை இழுப்பது சிங்கிள் ஆக்‌ஷன். ஐம்பது, அறுபது, தொண்ணூறு வயதானாலும் இன்னும் புள்ளி பிசகாமல் சுடக்கூடியவை. இவற்றை ஒழுங்காகப் பராமரிக்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உரிமம் பெற்ற துப்பாக்கி, முறையான சுடுதளம் இரண்டும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

ட்ரிகரை இழுத்தேன், "டிக்" என்று ஹேமர் விழுந்தது, வெடிக்கவில்லை. முதலில் என்ன செய்வது?

எதுவும் செய்யாதீர்கள். பேரல் இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும், குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். பிரைமர் (தோட்டாவின் அடியில், அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) தீப்பிடித்தும் உள்ளே மருந்து தாமதமாகப் பற்றுவது அபூர்வம்தான். ஆனால் அந்த அபூர்வம் நடக்கும்போது சிலிண்டர் திறந்திருக்கக் கூடாது. பலர் அவசரத்தில் உடனே மறுபடி ட்ரிகரை இழுக்கிறார்கள். ரிவால்வரில் அப்படி இழுத்தால் சிலிண்டர் சுழன்று, வெடிக்காத தோட்டா பேரலுக்கு நேராக இல்லாத இடத்துக்குப் போய்விடும். தாமதமாக வெடித்தால் குண்டு போக வழியே இருக்காது.

இன்னொன்று: "டிக்" இல்லாமல் "பப்" என்று மந்தமான சத்தம் வந்து, உதைப்பும் குறைவாக இருந்தால் அது வேறு பிரச்சினை. குண்டு பேரலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கிவிடும், அதற்கு மேலும் ஆகலாம். துப்பாக்கியைக் காலி செய்து, பேரல் வழியாக வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் தொடரவே வேண்டாம்.

வெடிக்காத தோட்டாவைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

கூடாது. உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அதுதான். அதை எந்த அறையிலிருந்து எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் ஆறு அறைகளுக்கும் அழியக்கூடிய மார்க்கரால் 1 முதல் 6 வரை எண் போட்டுவிடுவது என் பழக்கம். இரண்டு நிமிட வேலை, பிறகு பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

அப்புறம் பிரைமரில் விழுந்த பள்ளத்தை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள், சரியாக வெடித்த காலித் தோட்டா ஒன்றைப் பக்கத்தில் வைத்து. வெடித்த பிரைமர் பின்னோக்கித் தள்ளப்பட்டு பிரைமரைக் குத்தும் ஊசியான ஃபயரிங் பின்னைச் சுற்றி மறுபடி வடிவம் பெற்றிருக்கும் என்பதால் ஆழத்தை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். பள்ளம் ஆழமில்லாமல் மேலோட்டமாக இருந்தால் அடியின் பலம் போதவில்லை. ஆழமாக, ஆனால் நடுவை விட்டு விலகி இருந்தால் சிலிண்டர் சரியான இடத்தில் நிற்கவில்லை. ஆழமாக, நடுவில் சரியாக விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் தோட்டா மீதுதான் சந்தேகம். பள்ளமே இல்லையென்றால் ஃபயரிங் பின் உடைந்திருக்கலாம், சிக்கியிருக்கலாம்.

அறை எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். எப்போதும் 4-ஆம் அறை மட்டும் சுடாமல் போனால், குறை சிலிண்டரிலோ எக்ஸ்ட்ராக்டரின் பற்களிலோ இருக்கிறது. (காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவப் பாகம்தான் எக்ஸ்ட்ராக்டர்; அதன் பற்களைத் தள்ளித்தான் சிலிண்டர் சுழல்கிறது.) எண் மாறி மாறி வந்தால், ஆறு அறைகளுக்கும் பொதுவானதில் தேடுங்கள்: ஹேமர், ஸ்ப்ரிங், ஃபயரிங் பின், தோட்டா.

குறை தோட்டாவிலா, துப்பாக்கியிலா என்று எப்படிப் பிரித்தறிவது?

வேறு தயாரிப்பாளரின், வேறு பெட்டித் தோட்டாவைச் சுட்டுப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்ப்ரிங்கையும் தோட்டாவையும் ஒரே நாளில் மாற்றினால், எது குணப்படுத்தியது என்று கடைசிவரை தெரியாது.

தோட்டாவை நீங்களே நிரப்புகிறவர் என்றால் பிரைமர் உட்கார்ந்திருக்கும் உயரத்தை முதலில் பாருங்கள். அது அடிப்பாகத்தின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும். மேடாக நின்றால் ஹேமரின் முதல் அடி பிரைமரை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். "இரண்டாவது தடவை எல்லாமே வெடிக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான். அடி பலவீனமாக இருந்தாலும் இதே அறிகுறி வரும் என்பதால், விரல் நுனியால் தடவி உறுதி செய்துகொள்ளுங்கள். மேடு விரலில் தெரிந்துவிடும்.

சிங்கிள் ஆக்‌ஷனில் எல்லாம் வெடிக்கிறது, டபுள் ஆக்‌ஷனில் மட்டும் தவறுகிறது. ஏன்?

கட்டைவிரலால் ஹேமரை முழுதாகப் பின்னிழுக்கும்போது அது போகும் தூரத்தைவிட, டபுள் ஆக்‌ஷனில் போகும் தூரம் குறைவு. அதற்கு முன்பே அது விடுபட்டுவிடுகிறது. ஆகவே அடியும் குறைவு. ஸ்ப்ரிங் கொஞ்சம் பலமிழந்திருந்தால் அது முதலில் டபுள் ஆக்‌ஷனில்தான் வெளியே தெரியும்.

ஸ்மித் அண்ட் வெஸனின் கே அளவு (கே-22, கே-38 போன்ற நடுத்தர அளவு) ரிவால்வர் என்றால், கைப்பிடிச் சட்டத்தின் முன்பக்கத்தில் கீழே ஒரு சிறு திருகு இருக்கும். ஹேமரை இயக்கும் பட்டை வடிவ மெயின்ஸ்ப்ரிங்கை அழுத்தி வளைத்து வைத்திருப்பது அதுதான். அது முழுதாக இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ட்ரிகரை இலகுவாக்கச் சுலபமான வழி என்று நினைத்து இதை அரைச் சுற்று, ஒரு சுற்று தளர்த்தி வைத்தவர்கள் ஏராளம். தளர்ந்த திருகு சுடச்சுட இன்னும் தளரும். ஞாயிற்றுக்கிழமை சரியாக இருந்த துப்பாக்கி அடுத்த வாரப் போட்டியில் காலை வாரும். பழைய ரிவால்வரில் அடி பலவீனம் என்றாலே நான் முதலில் ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பார்க்கும் இடம் இது.

இறுக்கியும் சரியாகவில்லையா? திருகைக் கழற்றி நுனியைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் அதை அரத்தால் தேய்த்துக் குட்டையாக்கியிருக்கலாம். புதுத் திருகு போட்டால் பல நேரம் அதோடு முடிந்துவிடும். அவசரத்துக்கு, வெடித்த பிரைமர் ஒன்றின் மூடியைத் திருகின் நுனிக்குத் தொப்பி போலப் போட்டு நீளத்தைக் கூட்டுகிற பழைய உத்தி ஒன்று உண்டு. குறை அங்கேதானா என்று சோதிக்க அது நல்லது. நிரந்தர வைத்தியமாக விடாதீர்கள்.

பழைய கோல்ட்டில் இந்தத் திருகு கிடையாது. மெயின்ஸ்ப்ரிங் இரண்டாக மடித்த பட்டை. அதை வளைத்துப் பலம் குறைத்திருப்பார்கள். வளைத்த ஸ்ப்ரிங்கைத் திரும்ப நிமிர்த்தப் பார்க்காமல் மாற்றிவிடுவதே மேல்.

ஸ்ப்ரிங் சரி, திருகு சரி. இருந்தும் அடி பலமாக இல்லை.

அப்படியானால் ஹேமரின் பலத்தை வழியில் ஏதோ தின்கிறது. அதற்கு நான் பார்க்கும் வரிசை இது.

கைப்பிடி மரத்தைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். பின்னால் மாற்றிய கைப்பிடியின் உட்பக்கம் ஸ்ப்ரிங்கில் உரசுவது உண்டு. அடுத்து, ஹேமரின் இரு பக்கங்களிலும் பளபளப்பான உரசல் தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது சட்டத்தில் உரசிக்கொண்டு விழுகிறது.

மூன்றாவது, டார்கெட் ரிவால்வர்களுக்கே உரியது: ட்ரிகர் ஸ்டாப். ஹேமர் விடுபட்ட பிறகு ட்ரிகர் மேலும் பின்னால் போகாமல் தடுக்கும் சிறு பாகம். அது இடம் நகர்ந்தால், ட்ரிகர் போக வேண்டிய தூரம் போகாமலே நின்றுவிடும். ஹேமர் விழும்போது ட்ரிகரின் முனையில் உரசி வேகம் இழக்கும். மோசமாக நகர்ந்தால் ஹேமர் விழவே விழாது.

கடைசியாக, உறைந்த எண்ணெய். முப்பது வருடம் அலமாரியில் கிடந்த ரிவால்வருக்குள் எண்ணெய், வார்னிஷ் பூசியது போல மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருக்கும். குளிர் காலத்தில் இன்னும் மோசம். இதற்குப் பாகம் எதுவும் வாங்க வேண்டாம். மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, தேய்மானம் உள்ள இடங்களில் ஒரு துளி புது எண்ணெய் விட்டால் போதும். தேய்ந்துவிட்டது என்று கொண்டுவரப்படும் பழைய ரிவால்வர்களில் பல, அழுக்கும் தளர்ந்த திருகும் மட்டும்தான்.

.22 ரிவால்வருக்கு இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தும், ஆனால் .22-க்கு (கே-22 போல 0.22 அங்குல விட்டத் தோட்டா சுடுவது) அதற்கே உரிய சங்கடங்கள் உண்டு. அதன் வெடிமருந்துக் கலவை தனிப் பிரைமரில் இல்லாமல் விளிம்பின் உள்மடிப்பில் இருக்கிறது. தயாரிக்கும்போது சுழற்றி விளிம்பு முழுக்கப் பரப்புகிறார்கள். சில தோட்டாக்களில் ஓரிடத்தில் கலவை இல்லாமல் போய்விடும். வெடிக்காத தோட்டாவைச் சற்றுத் திருப்பி, பள்ளம் விழாத விளிம்பு அடிபடும்படி மறுபடி போட்டுப் பாருங்கள். முதல் பள்ளம் நன்றாக ஆழமாக இருந்து, இப்போது வெடித்தால் பழி தோட்டாவின் மேல். முதல் பள்ளமே மெலிதாக இருந்தால் பழி துப்பாக்கியின் மேல்.

அடுத்தது அறையின் வாய். விளிம்பு நசுங்க வேண்டுமானால் ஃபயரிங் பின்னுக்கு எதிர்ப்பக்கம் அறையின் ஓரம் பட்டறைக்கல் போல நிற்க வேண்டும். காலி .22 ரிவால்வரை வெறுமனே ட்ரிகர் இழுத்துப் பழகினால், ஃபயரிங் பின் அந்த ஓரத்திலேயே அடித்துப் பள்ளம் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. பிறகு தோட்டாவின் விளிம்புக்கு அங்கே முட்டுக்கொடுக்க எதுவுமில்லை. விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள், ஆறு அறைகளிலும் ஒரே கோணத்தில் சிறு பள்ளமோ உள்நோக்கிய பிசிறோ தட்டுப்படும். இதற்கென்றே ஒரு கருவி உண்டு: ஒதுங்கிய உலோகத்தை வெட்டாமல், அமுக்கித் திரும்ப இடத்தில் சேர்ப்பது. அரம் போடவே கூடாது.

மூன்றாவது கரி. நீளம் குறைந்த .22 ஷார்ட் தோட்டாக்களை நிறையச் சுட்ட சிலிண்டரில், அறைக்குள் ஒரு கரி வளையம் கட்டியிருக்கும். பிறகு அதைவிட நீளமான .22 லாங் ரைபிள் தோட்டா போட்டால் முழுதாக உட்காராது. விளிம்பு அமர்வதற்குப் பள்ளம் வெட்டிய சிலிண்டர்களில் அந்தப் பள்ளத்தில் மெழுகும் கரியும் சேர்ந்தாலும் இதே கதை. தோட்டா முழுதாக உட்காரவில்லை என்றால் ஹேமரின் பலம் அதை முன்னே தள்ளுவதில் போய்விடும். பித்தளைத் தூரிகையும் பொறுமையும் போதும்.

ஸ்மித் அண்ட் வெஸன் .22-களில் ஃபயரிங் பின் ஹேமரில் இல்லாமல் சட்டத்துக்குள் தனி ஸ்ப்ரிங்கோடு இருக்கிறது. அந்தத் துளைக்குள்ளும் எண்ணெய் கெட்டிப்படும். மறந்துவிடாதீர்கள்.

சிலிண்டர் இறுக்கமாகச் சுற்றுகிறது, சில சமயம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

முதலில் எக்ஸ்ட்ராக்டரின் நட்சத்திரத்தைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் நாலைந்து இருந்தாலே போதும், தோட்டாக்கள் பின்னால் தள்ளப்பட்டுச் சிலிண்டர் இறுகிவிடும். காலித் தோட்டாக்களைத் தள்ளும்போது பேரல் வானத்தைப் பார்த்திருந்தால் துகள்கள் அங்கே சேராது.

அது சுத்தமாக இருந்தால் எக்ஸ்ட்ராக்டரைத் தள்ளும் கம்பியான எக்ஸ்ட்ராக்டர் ராட் மரை கழன்று நீண்டிருக்கலாம். பழைய ஸ்மித் அண்ட் வெஸன்களில் அது வலச்சுற்று மரை, சுடச்சுடக் கழலும். 1960-ஐ ஒட்டி இடச்சுற்றுக்கு மாற்றினார்கள். உங்களுடையது எந்த வகை என்று தெரியாமல் இறுக்கினால் நீங்களே கழற்றிக்கொண்டிருப்பீர்கள். இறுக்கும்போது அறைகளில் காலித் தோட்டாக்களைப் போட்டுக்கொள்ளுங்கள், நட்சத்திரம் முறுக்கிக்கொள்ளாது.

சிலிண்டர் முன்னும் பின்னும் ஆடுகிறது. எவ்வளவு ஆட்டம் அதிகம்?

இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், கண்ணால் இதைச் சொல்ல முடியாது. துப்பாக்கி காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, மூடிய சிலிண்டரைப் பின்னோக்கித் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளியை அளங்கள். பிறகு முன்னோக்கித் தள்ளி மறுபடி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே ஆட்டம். 0.002 அங்குலம் வரை கவலையில்லை. 0.004-ஐத் தொட்டால் சரிசெய்ய வேண்டும். இதற்கென்று 0.002 அங்குல மெல்லிய எஃகு வளையங்கள் கிடைக்கின்றன. பேரல் இடைவெளியே 0.004 முதல் 0.010 அங்குலத்துக்குள் இருப்பது வழக்கம், 0.006 என்றால் மகிழ்ச்சி.

மிஸ்ஃபயருக்கும் (தோட்டா வெடிக்காமல் போவதற்கும்) இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஹேமர் விழும்போது ஆடும் சிலிண்டர் முதலில் முன்னே போய் முட்டுகிறது, அதன் பிறகுதான் பிரைமர் அடியை வாங்குகிறது. ஸ்ப்ரிங் மாற்றி மாற்றிச் சலித்துப்போன ஒருவருடைய கே-38-ல் கடைசியில் குற்றவாளி இந்த ஆட்டம்தான். இரண்டு வளையத்தில் தீர்ந்தது.

டைமிங் தேய்ந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

டைமிங் என்றால், ஹேமர் விழுவதற்குள் அறை பேரலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்வது. அறைகளில் காலித் தோட்டாக்களைப் போடுங்கள். வெற்றுச் சிலிண்டரில் எக்ஸ்ட்ராக்டர் லேசாக ஆடி உங்களை ஏமாற்றும். விரலைச் சிலிண்டர் மேல் மெதுவாக வைத்துச் சின்னத் தடை கொடுத்தபடி, கட்டைவிரலால் ஹேமரை மிக மெதுவாகப் பின்னிழுங்கள். ஹேமர் முழுதாக நிற்பதற்குள், சிலிண்டரைப் பூட்டும் பாகம் பள்ளத்தில் "க்ளிக்" என்று விழுந்துவிட வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டரைக் கையால் கொஞ்சம் தள்ளினால்தான் பூட்டுகிறது என்றால் டைமிங் பின்தங்கிவிட்டது. ஆறு அறைக்கும் செய்து எழுதி வையுங்கள். ஆறிலும் என்றால் சிலிண்டரைத் தள்ளும் நகம் தேய்ந்திருக்கிறது. ஒன்றிரண்டில் மட்டும் என்றால் எக்ஸ்ட்ராக்டர் பற்கள்.

மெதுவாகச் செய்வது முக்கியம். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே ஓடிப் பூட்டிக்கொள்ளும், தேய்மானம் ஒளிந்துகொள்ளும். டபுள் ஆக்‌ஷனில் சரியாகச் சுட்டு, நிதானமான சிங்கிள் ஆக்‌ஷனில் பள்ளம் விலகி விழும் ரிவால்வரின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

பழைய கோல்ட்டுக்கு இன்னொரு விஷயம். ட்ரிகர் முழுதாகப் பின்னால் இருக்கும்போது நகம் சிலிண்டரை அழுத்திப் பிடித்தபடியே இருக்கும். அந்த இறுக்கம்தான் அதன் துல்லியத்துக்குக் காரணம், நகம் சீக்கிரம் தேய்வதற்கும் காரணம். அதனால் கோல்ட்டை ட்ரிகரைப் பிடித்தபடியே சோதிக்க வேண்டும். ஸ்மித் அண்ட் வெஸனில் பக்கவாட்டில் சிறு ஆட்டம் இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஹேமரைக் காக் செய்து கட்டைவிரலால் தள்ளினால் விழுந்துவிடுகிறது.

அன்றோடு சுடுவதை நிறுத்துங்கள். சிங்கிள் ஆக்‌ஷன் பள்ளம் (ஹேமரில் ட்ரிகரின் முனை மாட்டிக்கொள்ளும் இடம்) தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ கல்லில் தீட்டிக் கெடுத்திருக்கிறார்கள். ஹேமருக்கும் ட்ரிகருக்கும் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். தீட்டினால் அது போய் மென்மையான உலோகம் வெளிவரும், பிறகு தினம் தினம் தேயும். இதை வீட்டில் சரிசெய்ய முயல வேண்டாம். தேர்ந்த துப்பாக்கிப் பழுதாளரிடம் போக வேண்டிய வேலை.

குலுக்கினால் உள்ளே கடகடவென்று சத்தம் வருகிறது. ஏதோ உடைந்துவிட்டதா?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஸ்மித் அண்ட் வெஸன் என்றால் அநேகமாக இல்லை. அது ஹேமர் பிளாக், தளர்வாக நகரும்படி செய்யப்பட்ட மெல்லிய எஃகுத் துண்டு. 1944-ல் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் ஒரு ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து மாலுமி ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகுதான் இந்த வடிவம் வந்தது. சத்தமே வரவில்லை என்றால்தான் நான் யோசிப்பேன். உள்பாகங்களை மூடும் பக்கத் தகட்டைக் கழற்றி மாட்டியவர் அதைத் திரும்ப வைக்காமல் விட்டிருக்கலாம். அது இல்லாமலும் ரிவால்வர் சுடும், அதனால் யாருக்கும் தெரிவதில்லை.

பக்கத் தகட்டை நானே கழற்றலாமா?

பொறுமை இருந்தால். திருகின் பிளவுக்குச் சரியாகப் பொருந்தும், நுனி சரிவாக இல்லாத ஸ்க்ரூடிரைவர் தேவை. திருகுகள் ஒன்றுபோலத் தெரியும், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போடக்கூடாது, எது எங்கிருந்து வந்தது என்று வரிசையாக வையுங்கள். தகட்டை நெம்பவே கூடாது. ஓரம் வளைந்தால் மறுபடி அந்த மயிரிழைப் பொருத்தம் வராது. திருகுகளை எடுத்துவிட்டுக் கைப்பிடிச் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரின் மரக் கைப்பிடியால் மெதுவாகத் தட்டுங்கள், அதிர்வில் தானே எழும்பி வரும்.

நகம், எக்ஸ்ட்ராக்டர், சிலிண்டர் பூட்டு ஆகியவற்றை வாங்கி அப்படியே மாட்ட முடியாது, ஒவ்வொன்றையும் அந்தத் துப்பாக்கிக்கேற்பத் தேய்த்துப் பொருத்த வேண்டும். மெயின்ஸ்ப்ரிங், அதன் திருகு, ஆட்டத்துக்கான வளையம் ஆகியவை கவனமுள்ள உரிமையாளர் கைக்கு எட்டுபவை.

வெடிக்கிறது, ஆனால் குண்டுகள் முன்பு போல ஒன்றாக விழவில்லை.

பின்பக்கச் சைட்டின் திருகைத் தொட்டுப் பாருங்கள். அடுத்து பேரலில் படிந்த ஈயம். அதன் பிறகு பேரலின் வாய் விளிம்பில் அடிபட்ட தடம், கடைசியாக டைமிங். சட்டத்தின் மேல்பட்டையில், சிலிண்டர் இடைவெளிக்கு நேர் மேலே தீ அரித்த கோடு தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஓரளவு ஆழத்தோடு அது நின்றுவிடும்.

சரி செய்தாகிவிட்டது என்று எப்போது நம்பலாம்?

ஒரு சிலிண்டர் சுட்டுவிட்டு நம்ப வேண்டாம். முன்பு தவறிய அதே வகைத் தோட்டாவை, முன்பு தவறிய அதே முறையில், அறை எண் குறித்தபடி சுடுங்கள். டபுள் ஆக்‌ஷனில் ஒவ்வொரு அறைக்கும் பத்து, ஆக மொத்தம் அறுபது தோட்டா தவறாமல் வெடித்தால் எனக்குத் திருப்தி. அதன் பிறகு மெயின்ஸ்ப்ரிங் திருகு அசைந்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு, தேதியோடு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த "டிக்" வரும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.